விழுந்த வீரர் எப்போது தேறுகிறார்? குத்துச்சண்டைத் தோல்விக்குப் பிறகு தலைக்குள் நடப்பது

போன மாதம் அக்காவின் மகன் கொழும்பில் ஒரு குத்துச்சண்டைப் போட்டிக்குப் போய், இரண்டாவது ரவுண்டில் அடிவாங்கி விழுந்தான். உடனே எழும்பினான். ஆனால் நடுவர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டுச் சண்டையை நிறுத்திவிட்டார். அவன் மட்டக்களப்புக்குத் திரும்பிய அடுத்த நாளே கல்லடியில் எங்கள் தேத்தண்ணிக் கடையில் விசாரணை தொடங்கிவிட்டது. "பொடியன் பயந்திட்டான்" என்றார் ஒருவர். "அதெல்லாம் ஒண்டுமில்ல, ரெண்டு நாள் முட்டையும் தயிரும் குடுத்தா சரி" என்றார் இன்னொருவர். சிறுவயதில் சிலம்படி பழகிய ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "தாடை ஒருக்காப் போனாப் போனதுதான் மனே."

பையன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "மாமா, எத்தின நாளைக்குப் பிறகு ஸ்பாரிங் போகலாம்?" ஸ்பாரிங் என்பது பயிற்சிக்காகத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, கூடப் பழகும் ஒருவருடன் மோதிப் பார்ப்பது.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், குத்துச்சண்டைக்காரன் இல்லை. இரவில் முழித்திருந்து பழைய சண்டைகளைப் பார்க்கும் கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. கடையில் சொன்ன மூன்று கருத்திலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதுதான் பிரச்சினை. அடிபட்ட மூளை, அடிவாங்க வைத்த பழக்கம், அடியை நினைத்துக்கொண்டிருக்கும் மனம் ஆகிய மூன்றும் மூன்று வேகத்தில் தேறுகின்றன. முகத்து வீக்கம் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வற்றி, எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது.

தயிர்ச் சட்டி

எருமைத் தயிர்ச் சட்டியை மோட்டர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகாதவர் எங்கள் பக்கம் குறைவு. ரோட்டில் மெல்லக் குலுங்கிப் போனால் தயிர் அப்படியே இருக்கும். குறுக்கே மாடு வந்து, ஹாண்டிலைச் சட்டென்று வெட்டித் திருப்பினால்? சட்டிக்கு ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு வந்து திறந்தால் தயிர் ஓரம் விட்டு, நடுவே வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் நிற்கும்.

மண்டையோடு சட்டி, மூளை தயிர். ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள மென்மையான பொருள், மெல்லிய நீருக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. நெற்றியில் நேராக விழும் குத்தைவிடத் தாடையின் பக்கவாட்டில் விழும் குத்து மோசமாக இருப்பதன் காரணம் இதுதான். தலை கழுத்தின் மேல் திரும்புகிறது. தாடை நுனியோ கழுத்திலிருந்து தள்ளி நிற்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளுவதைவிடக் கைப்பிடிப் பக்கம் தள்ளுவது லேசு அல்லவா? தாடையில் பட்டால் தலை அப்படிச் சட்டென்று சுழன்றுவிடும். மண்டையோடு முதலில் திரும்பிவிடும், மூளை ஒரு கணம் பிந்தித் திரும்பும். அந்தக் கணத்தில் மூளையின் ஒரு பகுதி மற்றப் பகுதியைப் பிடித்து இழுக்கிறது.

தலைக்கவசம் போட்டால் சரிதானே என்று கேட்பார்கள். அது கன்னம் கிழியாமல், புருவம் வெடிக்காமல் காப்பாற்றும். தலை சுழல்வதை அவ்வளவாகத் தடுக்காது. சட்டியைச் சுற்றிச் சாக்குக் கட்டினால் சட்டி உடையாது, தயிர் உடையும். 2013இல் அமெச்சூர், அதாவது பணத்துக்காக ஆடாத, குத்துச்சண்டையில் வளர்ந்த ஆண்களின் போட்டிகளிலிருந்து தலைக்கவசத்தை எடுத்தேவிட்டார்கள்.

வெள்ளமும் பெற்றோல் வரிசையும்

மூளையில் கலத்துக்குக் கலம் செய்தி போவது நரம்பு இழைகள் வழியாக. மூளை சுழலும்போது இழுபடுவது இவைதான். வீச்சு வலையின் நூலை நினைத்துக்கொள்ளுங்கள். பாறையில் மாட்டிய வலையை ஆத்திரத்தில் வெட்டி இழுத்தால் சில நூல் அறும். அறாத நூலும் இழுபட்டுத் தளர்ந்துவிடும்.

இழுபட்ட இழையின் சுவரில் நுண்ணிய கதவுகள் திறந்துகொள்கின்றன. வழக்கமாக உள்ளே இருக்க வேண்டிய பொற்றாசியம் வெளியே ஓடுகிறது. வெளியே இருக்க வேண்டிய கல்சியம் உள்ளே பாய்கிறது. இந்தக் குழப்பத்தில் கலங்கள் ஒழுங்காகச் செய்தி அனுப்ப முடியாது. அதனால்தான் விழுந்தவனுக்குக் கிறுகிறுப்பு, தலையிடி, வெளிச்சம் பார்க்க முடியாமை, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது எல்லாம். அடியால் மூளையின் வேலை இப்படித் தற்காலிகமாகக் குழம்புவதற்குத்தான் மூளை அதிர்ச்சி என்று பெயர். நினைவு தப்பினால் மட்டுமே மூளை அதிர்ச்சி என்று நினைப்பது பெரிய பிழை. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை.

இனித்தான் முக்கியமான இடம். உள்ளே வந்ததை வெளியேற்றவும் வெளியே போனதைத் திரும்ப எடுக்கவும் கலத்தின் சுவரில் பம்புகள் இருக்கின்றன. அவை ஓட எரிபொருள் வேண்டும், அது குளுக்கோசிலிருந்து வருகிறது. மூளைக்கு ஆக அதிகமாக எரிபொருள் தேவைப்படும் அதே நேரத்தில், அதைக் கொண்டுவரும் இரத்த ஓட்டம் குறைந்துபோய் நிற்கிறது. 2011 ஜனவரியில் வந்த வெள்ளமும் 2022இன் பெற்றோல் வரிசையும் ஒரே கிழமையில் வந்தால் எப்படியிருக்கும்? வளவெல்லாம் தண்ணீர், எல்லாரிடமும் பம்பும் இருக்கிறது, ஊற்ற எண்ணெய் இல்லை. அடிபட்ட மூளை அந்தக் கிழமையில்தான் வாழ்கிறது.

சில வருடங்களுக்கு முன் களுவாஞ்சிக்குடிக்குப் போகும் வழியில் மணலில் சறுக்கி விழுந்தேன். ஹெல்மெட் இருந்தது. எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, வகுப்புக்கே போய்விட்டேன். மூன்றாம் நாள் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஒரே விடையை மூன்று தரம் வாசிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. அதற்குள் முழங்கைச் சிராய்ப்பு காய்ந்து பொருக்கே விழத் தொடங்கியிருந்தது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: குத்து தலையைச் சுழற்றுகிறது, சுழற்சி நரம்பு இழைகளை இழுக்கிறது, இழுபட்ட கலங்கள் எரிபொருள் போதாமல் தடுமாறுகின்றன. பெரியவர்களில் அநேகருக்கு இரண்டு கிழமையில் அறிகுறிகள் போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வரை எடுக்கலாம்.

"ஸ்கேனில் ஒண்டும் இல்லையாம்"

எங்கள் வீட்டிலும் இதைச் சொல்லித்தான் நிம்மதியானார்கள். அடிபட்டவருக்கு எடுக்கும் சிடி ஸ்கேன் தேடுவது இரத்தக் கசிவையும் எலும்பு வெடிப்பையும். மூளை அதிர்ச்சி அதில் பொதுவாகத் தெரியாது, ஏனென்றால் குழம்பியிருப்பது மூளையின் வேலை. கரண்ட் இல்லாத வீட்டைப் படம் பிடித்தால் வயரெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அதற்காக ஸ்கேன் தேவையில்லை என்று ஆகாது. மூளையின் மேற்பரப்பிலிருந்து மண்டையோட்டுப் பக்கம் போகும் சிறு நாளங்கள் அறுந்தால் இரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து மூளையை அமுக்கும். ரிங்கில் நடக்கும் மரணங்களில் பெரும்பாலானவை இதனால்தான். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டக் கூ 14ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாட்களில் இறந்தார். அதன் பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12க்குக் குறைந்தன. சிலவேளை கசிவு உடனே காட்டாது. ஆள் எழும்பி, சிரித்துப் பேசி, சாப்பிட்டுப் படுப்பார். தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தியெடுத்தால், வலிப்பு வந்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், எழுப்பியும் எழும்பாமல் தூங்கினால், ஓட்டோ பிடித்தாவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பனடோல் போட்டுப் பார்ப்போம் என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆறுவதற்கு முன் விழும் அடி

வெள்ளம் வடியாத வளவுக்குள் இன்னொரு குளம் உடைத்தால் முதல் தரத்தைவிடக் குறைந்த தண்ணீரே வீட்டை முடித்துவிடும். தேறாத மூளையும் அப்படித்தான். சாதாரண நாளில் தாங்கியிருக்கக்கூடிய குத்து இப்போது நீண்ட நாள் தலையிடியையும் மறதியையும் கொண்டுவரலாம். அரிதாக, இளம் பிள்ளைகளில், மூளை மளமளவென்று வீங்கி உயிரே போன சம்பவங்கள் உண்டு.

அமெச்சூர் விதிகள் தடைக்காலம் வைத்திருப்பது இதற்காகத்தான். தலையில் பட்ட அடியால் சண்டை நின்றால் ஆகக் குறைந்தது 30 நாள் போட்டியும் இல்லை, ஸ்பாரிங்கும் இல்லை. நினைவு தப்பினால் அது நீளும். குறுகிய காலத்துக்குள் திரும்ப நடந்தால் பல மாதங்கள், ஒரு வருடம் வரை போகும். பிலிப்பைன்ஸ் வீரர் மனி பக்கியாவோ 2012 டிசம்பரில் மெக்சிகோ வீரர் மார்க்கெஸின் ஒரே குத்தில் முகம் குப்புற விழுந்தார். அடுத்து ரிங்கில் ஏறியது 2013 நவம்பரில். ஏறக்குறைய ஒரு வருடம் ஒதுங்கியிருந்துவிட்டு வந்து 12 ரவுண்டும் நின்று வென்றார். பட்டமும் பணமும் காத்திருந்த மனிதரே அவ்வளவு பொறுத்தார். எங்கள் பொடியன்களுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்பாரிங் வேண்டும்.

"தாடை போயிட்டு" என்றால் என்ன போகிறது?

நல்ல அடியையும் தாங்குபவருக்குத் தாடை பலம் என்பார்கள். எலும்புக்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை. ஒரு குத்தைத் தாங்குவதில் பாதி வேலை கண்ணுடையது. வருவது தெரிந்தால் கழுத்து இறுகும், தாடை நெஞ்சுப் பக்கம் இறங்கும், தலை குறைவாகச் சுழலும். ஆளை விழுத்துவது பெரும்பாலும் அவர் காணாத குத்து.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பெரிய அடியின் பிறகு பார்வைக்கும் உடம்புக்கும் இடையிலான வேகம் ஒரு இம்மி குறைந்துவிட்டது. முன்பு கண்ட குத்தை இப்போது காணவில்லை. பார்ப்பவர்களுக்குத் தாடை போய்விட்டதாகத் தெரியும், உண்மையில் போனது நேரம். வயதும் சேர்ந்துகொள்ளும். எடைப் பிரிவுக்குள் நுழையத் தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்றவைக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். ரோய் ஜோன்ஸ் வேகத்திலேயே வாழ்ந்த வீரர். 2004 மே மாதம் டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். நான்கு மாதம் கழித்து க்ளென் ஜோன்சனிடம் ஒன்பதாவது ரவுண்டில் விழுந்தார். அப்போது அவருக்கு 35 வயது. பெரியவர் சொன்ன "போனதுதான்" சிலருக்குப் பொருந்துகிறது. லெனொக்ஸ் லூயிஸுக்குப் பொருந்தவில்லை. 2001 ஏப்ரலில் ஹசிம் ரஹ்மானின் ஒற்றைக் குத்தில் விழுந்தவர், அதே வருடம் நவம்பரில் அதே ரஹ்மானை நான்காவது ரவுண்டில் விழுத்தினார்.

ஒரு குத்தும் முக்கால் மணித்தியால அடியும்

நாக்அவுட், அதாவது விழுந்து எழும்ப முடியாமல் தோற்பதுதான் ஆகக் கெட்ட தோல்வி என்று நாம் நினைக்கிறோம், பார்க்கப் பயங்கரமாக இருப்பதால். லூயிஸைப் போல ஒரு குத்தில் விழுந்து, ஓய்வெடுத்துத் திரும்பியவர்கள் பலர். விழாமல் நின்று நின்று அடிவாங்கியவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ். மெல்ட்ரிக் டெய்லர், 17 வயதில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர், மெக்சிகோவின் ஹூலியோ சேசார் சாவேஸுடன் மோதினார். இருவரும் அதுவரை தோற்றதில்லை. டெய்லரின் கை வேகம் மழை போல. அவர் சரமாரியாகப் போட்டால் சாவேஸ் குறைவாகத்தான் போடுவார், ஆனால் அது ஒவ்வொன்றும் எலும்பு வரை போகும். ரவுண்டுகளை டெய்லர் எடுத்தார், உடம்பைச் சாவேஸ் எடுத்தார். கடைசி ரவுண்டுக்கு வரும்போது மூன்று புள்ளி நடுவர்களில் இருவரின் கணக்கில் டெய்லர் வெகு தூரம் முன்னால். முகமோ வீங்கிச் சிதைந்து, விழுங்கிய இரத்தம் வயிற்றில். அந்த ரவுண்டில் விழுந்தார், எழும்பினார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. சண்டை முடிய 2 செக்கன் இருக்கும்போது நிறுத்தினார். அந்த 2 செக்கனைப் பற்றி இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அவர் 2 செக்கன் முந்தியதைவிட நான்கு ரவுண்டு பிந்தியதுதான் பிழை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்த வருடமே, 1991 ஜனவரியில், டெய்லர் மேல் எடைப் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். தேறிவிட்டார் என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள். பிறகு 1992இல் இரண்டு சண்டையில் நிறுத்தப்பட்டார். 1994இல் சாவேஸிடம் திரும்பவும் நிறுத்தப்பட்டார். 2002 வரை விட்டுவிட்டு ஆடிக்கொண்டேயிருந்தார். பேச்சுக் குழறத் தொடங்கியிருந்தது.

இத்தகைய சிதைவை முதலில் மருத்துவ இதழில் எழுதியவர் ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், 1928இல். குடிக்காமலே குடிகாரர் போலத் தள்ளாடும் பழைய வீரர்களைப் பார்த்துத்தான் எழுதினார். வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் இந்த மெதுவான தேய்வை இன்று நாட்பட்ட மூளைச் சிதைவு என்கிறோம். உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை, இறந்தபின் மூளையை ஆராய்ந்துதான் தெரியும். இதற்குக் கணக்காவது நாக்அவுட் மட்டும் இல்லை. தலையிடிகூட வராத ஆயிரக்கணக்கான சின்னக் குத்துகளும் சேர்கின்றன, அவற்றில் பெரும்பகுதி ஸ்பாரிங்கில் விழுபவை.

கை தாழ்ந்துபோகும் பழக்கம்

மூளை தேறிவிட்டது என்று வையுங்கள். விழ வைத்த பிழை அப்படியே இருந்தால்?

1936 ஜூனில் ஜோ லூயிஸுக்கு (மேலே சொன்ன லெனொக்ஸ் லூயிஸ் இல்லை, பழைய அமெரிக்க வீரர்) 22 வயது, தோல்வியே தெரியாது. ஜெர்மன்காரர் மக்ஸ் ஷ்மெலிங் அவருடைய சண்டைப் படங்களைப் போட்டுப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். லூயிஸ் இடக்கையால் நேராகக் குத்திவிட்டுக் கையைத் திரும்ப இழுக்கும்போது அது தாழ்ந்து வருகிறது. அந்த இடைவெளிக்கு மேலால் ஷ்மெலிங் வலக்கையைப் போட்டுக்கொண்டே இருந்தார். 12ஆவது ரவுண்டில் லூயிஸ் முடிந்தார்.

கையைத் தூக்கிப் பிடி என்று சொன்னால் முடிந்துவிடாதா? முடியாது. ஆயிரம் தரம் செய்த அசைவு யோசனையைக் கேட்காமல் தானாக நடக்கும். வாவியில் வலை வீசுகிறவருக்குத் தோளை மாற்றி வீசச் சொல்லிப் பாருங்கள். முதல் பத்து வீச்சும் கவனமாக மாற்றி வீசுவார். களைத்ததும் பழைய தோளுக்கே போய்விடுவார். அதனால் புது அசைவைக் களைப்பிலும் தானாக வரும்வரை பழக வேண்டும், அதற்கு மாதங்கள் போகும். லூயிஸ் அதைச் செய்தார். 1937இல் உலகப் பட்டம் எடுத்தார். 1938 ஜூன் 22 அன்று ஷ்மெலிங்கைத் திரும்பச் சந்தித்து, 124 செக்கனில் முடித்தார்.

இதையும் முன் பகுதியையும் சேர்த்துப் பார்த்தால், ஜோ லூயிஸிடம் திருத்தக்கூடிய பிழை ஒன்றும் அதைத் திருத்த இளம் வயதும் இருந்தன. டெய்லரின் அடிகளை அப்படி ஒரு பிழைக்குள் அடக்க முடியாது.

ஒட்டுத்தாடி

அமெரிக்க உலகப் பட்ட வீரர் ஃப்ளொய்ட் பாட்டர்சன் 1959இல் யோஹான்சனிடம் ஒரே ரவுண்டில் ஏழு தரம் விழுந்து பட்டத்தை இழந்தார். மறு வருடம் அதே ஆளை விழுத்தி, ஆக மேல் எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் பட்டத்தை இழந்து மீட்ட முதல் ஆள் ஆனார். அப்பேர்ப்பட்டவர் 1962இல் சொனி லிஸ்டனிடம் முதல் ரவுண்டிலேயே தோற்றதும், முன்கூட்டியே கொண்டுவந்திருந்த ஒட்டுத்தாடியை ஒட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சிக்காகோவிலிருந்து காரில் கிளம்பிப் போனார். அடுத்த வருடம் லிஸ்டனுடன் திரும்ப மோதி, திரும்பவும் முதல் ரவுண்டில் விழுந்தார்.

இதைப் பயம் என்று ஒரு சொல்லில் முடிக்கலாம், ஆனால் உடம்பில் அது வேலை செய்யும் விதம் வேறு. பெரிய அடி வாங்கியவர் அந்தக் குத்து வரும் என்று எதிர்பார்த்தபடியே நிற்பார். எதிராளி தோளை அசைத்தாலே தலை பின்னால் போகும், கண் மூடும், தன் குத்தைப் போடக் கை தயங்கும். கண் மூடினால் அடுத்த குத்து காணாத குத்து. அது என்ன செய்யும் என்று மேலே சொன்னேன். மன அடியும் மூளை அடியும் ஒன்றையொன்று வளர்ப்பது இப்படித்தான். போதாததற்கு மூளை அதிர்ச்சியே மனத்தைச் சோர வைக்கும், சிடுசிடுப்பைக் கொண்டுவரும், நித்திரையைக் கெடுக்கும். மருமகன் இரண்டு கிழமை யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடையில் அதற்கு வைத்த பெயர் வெட்கம்.

அப்போ எத்தனை நாள்?

முதல் ஓரிரு நாள் ஓய்வு. இருட்டு அறையில் கிழமைக்கணக்காகப் படுக்க வேண்டும் என்பது பழைய யோசனை, இப்போது அப்படிச் சொல்வதில்லை. பிறகு படிப்படியாக: வீட்டு வேலை, பாடம், அப்புறம் நடை, சைக்கிள், அப்புறம் ஓட்டம், கயிறு அடித்தல், ஆளில்லாமல் காற்றில் குத்துதல், அப்புறம் குத்துப் பை, பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பாட். ஒவ்வொரு படிக்கும் ஆகக் குறைந்தது ஒரு நாள். தலையிடியோ கிறுகிறுப்போ திரும்பினால் ஒரு படி கீழே. பனடோல் போட்டு மறைத்துவிட்டு ஏறினால் கணக்கில் இல்லை. டொக்டர் சரி என்று சொல்லி, 30 நாள் தடையும் முடிந்த பிறகுதான் ஸ்பாரிங்.

இதை ஒரு தாளில் எழுதி அவன் அறைக் கதவில் ஒட்டினேன். நேற்று விடிய கல்லடிக் கடற்கரையில் ஓடப் போனான், நானும் சைக்கிளில் பின்னால். பத்து நிமிடம் நன்றாகத்தான் ஓடினான். பிறகு நின்று, குனிந்து, முழங்காலில் கை வைத்தான். "தலை இடிக்குதாடா?" என்று கேட்டேன். இல்லை என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம்" என்றான். சைக்கிளை அவனிடம் கொடுத்துவிட்டு நான் நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் தாளில் ஓட்டத்துக்கு நேரே போட்டிருந்த சரி அடையாளத்தை அவனே வெட்டிவிட்டான்.